ஒரு துளி வலது பக்கம்

இரண்டு கைகள் காற்றில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இடது கை நெஞ்சுக்கு நேரே விரிந்து நின்று 'பொறு' என்கிறது. வலது கை விரல்களைக் குவித்து, கொதிக்கும் குழம்பில் உப்புப் போடுகிறவளைப் போல ஒரு கணம் யோசித்து, பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு நெல்மணி அகலத்துக்கு வலது பக்கம் நகர்கிறது. நகக்கண்ணில் அழுக்கில்லை. விரலில் சுத்தியல் பட்ட தடமில்லை. ஆனாலும் அந்த அறையில் இவ்வளவு மும்முரமாக உழைக்கும் கைகள் வேறில்லை. எதிரே ஏணிமேல் நிற்கும் மாணவன் ஒருவன், தன்னைவிட அகலமான ஓவியத்தைக் கன்னத்தாலும் முழங்காலாலும் தாங்கியபடி, அந்தக் கைகள் ஓய்வதற்காகக் காத்திருக்கிறான். அவை ஓய்வதாக இல்லை.

வாசகர்களே, இவர்தான் நகர்த்தச் சொல்பவர்.

இவரை உங்களுக்கும் தெரியும். கார் பின்னால் வரும்போது "வரட்டும், வரட்டும்" என்று தெருவையே கூட்டிவிட்டு, விளக்குக் கம்பத்தில் இடித்த பிறகு "அதான் சொன்னேனே" என்பவர் இவர். கல்யாண வீட்டில் வரவேற்புப் பலகை கட்டும்போது யாரும் கூப்பிடாமல் நடுத்தெருவில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பவர் இவர். பீரோவை நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கும்போது ஐந்தாமவராக வந்து, தூக்காமல், "சாய்க்கணும், சாய்க்கணும்" என்று மட்டும் சொல்பவரும் இவரே. தூக்குகிறவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவர்கள் தூக்குவார்கள், வைப்பார்கள், போய்விடுவார்கள். நகர்த்தச் சொல்பவர் அப்படியா? வைத்த பிறகுதான் அவருக்கு வேலையே தொடங்குகிறது.

இந்த இனம் எங்கும் முளைக்கும். என்றாலும் இது கிளைவிட்டுச் செழிக்கத் தோதான மண் ஒன்று உண்டென்றால், அது பல்கலைக்கழக மூலையில் இருக்கும் சின்னஞ்சிறு ஓவியக் காட்சிக்கூடம்தான். பெரிய காட்சிக்கூடங்களில் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள். வாசலில் காவலாளி இருப்பார். சின்னக் கூடத்துக்குக் கதவு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது.

கேரளத்தில், தலசேரிக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் கூடம் அப்படிப்பட்டது. மூன்று பக்கமும் சன்னல்கள். படம் மாட்ட ஒரே ஒரு நீளச் சுவர், அதன் கடைசியில் வாசல். இங்கே இனத்தின் பிரதிநிதியாக விளங்கியவர் பவித்ரன் மாஷ். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற வாத்தியார். காலையில் நூலகத்தில் பத்திரிகைகளை முடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, படம் மாட்டும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வருவார். கேட்டால் போதும். உள்ளே வந்து, ஐந்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடுவார். பிறகு அந்த வார்த்தை வரும். "ஒரு துளி." ஒரு துளி மேலே, ஒரு துளி கீழே, ஒரு துளி வலது பக்கம். மாணவர்கள் அவருக்குத் துளி மாஷ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். பட்டம் கிடைத்தவரைப் போல மகிழ்ந்தார்.

ரசமட்டத்தை அவர் நம்புவதில்லை. அதன் குமிழி நடுவில் வந்து நின்றாலும், "அது சுவருக்குச் சரி, கண்ணுக்குச் சரியா?" என்பார். இரண்டு படங்கள் நெருங்கித் தொங்கினால் அவருக்கே நெஞ்சை அடைக்கும். படம் மூச்சுவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். நீங்கள் ஒரு கோடாவது கிழித்ததுண்டா என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, பாட்டுக் கேட்கிறவனெல்லாம் பாடவா செய்கிறான் என்று திருப்பிக் கேட்டார். இவற்றுக்கெல்லாம் மேலே அவருடைய மூல மந்திரம் ஒன்று இருந்தது.

"புடிச்சிட்டு நிக்கறவனுக்குப் படம் தெரியாதுடா. தள்ளி நிக்கறவனுக்குத்தான் தெரியும்."

எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், இது உண்மை.

அவர் வேஷம் போடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். படம் சரியான இடத்தில் போய் உட்காரும்போது அவருக்குள் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் விழுவது போலச் 'சட்'டென்று விழும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். அது தாமதமாக விழுகிறது என்றால் அவர் என்ன செய்வார்? ஏணிமேல் இருப்பவனின் தோள்பட்டை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேரின் கண்காட்சி. வழக்கம்போல் திறந்துவைக்கக் கொச்சியிலிருந்து அன்னம்மா மேடம் வருவதாக ஏற்பாடு. குளிர்காலத்தில் அங்கே நடக்கும் பெரிய கண்காட்சிக்கு இங்கிருந்து ஒரே ஒரு படத்தை அவர் தேர்ந்தெடுத்துப் போவார். மாட்டியிருப்பதைத்தான் பார்ப்பார், "இன்னொன்று உள்ளே இருக்கிறது, எடுத்து வரட்டுமா" என்பவர்களுக்குச் சிரித்துவிட்டு வண்டியேறிவிடுவார்.

ஐவரில் ஒருத்தி ஷிம்னா. பையனூர்ப் பக்கத்திலிருந்து தினமும் தனியார் பேருந்தில் வருகிறவள். அவளுடைய படமும் அதுதான்: கடைசி இருக்கையிலிருந்து தெரியும் பேருந்து. முழுக்கப் பிடரிகள். எண்ணெய் வழியும் பிடரி, பூ வாடிய பிடரி, முடிவெட்டி இன்னும் பவுடர் போகாத பிடரி, தூங்கிச் சரிந்த பிடரி. ஒரு முகம்கூடக் கிடையாது. வீட்டில் அவளுக்கு பி.எட். விண்ணப்பம் வாங்கி, அப்பா கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். கொச்சிக்குப் படம் போனால் அந்தக் காகிதம் அலமாரியிலேயே தூங்கும். போகாவிட்டால் ஜூன் மாதம் அவள் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். இதை அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாஷிடமும்தான். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு, படத்தை நல்லபடியாக மாட்டிவிடலாம் மோளே என்று மகளைத் தேற்றுவது போலத் தேற்றினார்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வரிசையின் கடைசி இடம் விழுந்தது. கடைசியில் பார்ப்பதுதான் மனதில் நிற்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, படத்தை எடுத்துவரப் போனாள். பேருந்தை வரைந்த படம் பேருந்துக்குள் நுழையவில்லை. சரக்கு ஆட்டோ பிடித்து, கயிறு போட்டுக் கட்டி, அவள் வந்து சேர நேரமாகிவிட்டது.

அதற்குள் இங்கே என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். முதல் படத்தை ஜம்ஷீர் மாட்டினான். ஏணிமேல் பார்த்தோமே, அந்த மாணவன்தான். அது சன்னலுக்கு ரொம்ப ஒட்டியிருக்கிறது என்று ஒரு துளி வலது பக்கம் போயிற்று. அது போனதால் இரண்டாவது மூச்சுத் திணறி ஒரு துளி போயிற்று. இரண்டாவதுக்கு வழிவிட்டு மூன்றாவது, மூன்றாவதன் நிழல் விழுகிறதென்று நான்காவது. சிறு துளி பெருவெள்ளம் என்று சொன்னவர் சேமிப்புக் கணக்கை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. நாலு படங்களும் சுவரில் அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தன. மாஷுக்குள் தாழ்ப்பாள் நான்கு முறையும் விழுந்தது. அவர் கைகளைக் கீழே போட்டு, நாள் முழுக்கக் கல் சுமந்தவரைப் போல விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஷிம்னாவும் ஆட்டோக்காரரும் பிடரிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

நான்காவது படத்துக்கும் வாசலுக்கும் இடையில் மிச்சமிருந்த சுவரில் படத்தை வைத்துப் பார்த்தான் ஜம்ஷீர். முழங்கையளவு வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வருகிறவர்கள் ஏதாவதொரு பிடரிமேல் இடித்துக்கொண்டுதான் வர வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டலாமா? சுவரில் துளை போட்டாகிவிட்டது. அடைக்க வேண்டும், மறுபடி போட வேண்டும். வராந்தாவிலிருந்து துறைத் தலைவி, விருந்தாளியின் வண்டி ரயில் கேட்டைத் தாண்டிவிட்டது என்று கைபேசியைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

ஜம்ஷீர் ஏணியிலிருந்து இறங்கி வியர்வையைத் துடைத்தான்.

"மாஷே, எல்லாப் படத்துக்கும் மூச்சு குடுத்துட்டீங்க. இவ படம் எங்க போய் மூச்சு விடும், வராந்தாவுலயா?"

மாஷின் கைகள் பழக்கத்தில் எழுந்தன. மேசைமேல் சாய்த்து வைக்கலாமா என்றார். மேசையில் குத்துவிளக்கும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜித் தட்டுகளும் இருந்தன. சன்னலை மறைத்து வைக்கலாமா என்றார். வெளிச்சமெல்லாம் அந்தச் சன்னல் வழியாகத்தான் வந்தது. கைகள் மெல்ல இறங்கின.

ஷிம்னா அழவில்லை, கத்தவில்லை. அறையின் நடுவில் ஓர் இடத்தைக் காலால் தேய்த்துக் காட்டினாள்.

"இங்க வந்து நில்லுங்க மாஷே. புடிங்க."

"நானா? நான் புடிச்சா யாரு மோளே பாக்கறது?"

"அவங்க பாப்பாங்க. அதுக்குத்தான வர்றாங்க."

இப்படித்தான் பவித்ரன் மாஷ் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படத்தைத் தூக்கினார்.

கான்வாஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்கும் அதுவரை தெரியாது. சட்டம் இருக்கிறது, சின்னச் சின்ன ஆணிகள் இருக்கின்றன, எண்ணெய் வாசனை இருக்கிறது. படத்தின் நடுப்பகுதி பார்ப்பவர் கண்மட்டத்துக்கு வரவேண்டும் என்று ஷிம்னா சொன்னதால் அவர் தலையே மறைந்துவிட்டது. கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. மூக்கு அரித்தது. சொறிய மூன்றாவது கை இல்லை. விளக்கேற்றினார்கள். வாழ்த்துரை வழங்க வந்தவர் 'ஒரே ஒரு வார்த்தை' என்று ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தை கலையின் தோற்றத்திலிருந்து கிளம்பி, பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டிய நிதி வரைக்கும் போனது. பழம்பொரித் தட்டு மாஷின் முழங்கையை ஒட்டிப் போய், திரும்பியும் போனது.

அதைவிடப் பெரிய சோதனை பிறகுதான் வந்தது. படத்துக்கு முன்னால் செருப்புகள் சேரத் தொடங்கின. கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்று வரலாற்றுத் துறைக் குரல் ஒன்று சொன்னது. மேலே போகட்டும் என்றது நூலகர் குரல். வேண்டாம், கீழேதான் என்றார் தேநீர் கொண்டுவந்தவர். விருந்தாளியின் ஓட்டுநரும் உள்ளே வந்து, ஐந்தடி பின்னால் போய் நின்று, இடது மூலையைக் கவனிக்கச் சொன்னார். எல்லாரும் தள்ளி நின்றார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. மாஷ் மேலே போனார், கீழே வந்தார், சாய்ந்தார், நிமிர்ந்தார். புஜத்தில் தேள் கொட்டியது போலிருந்தது. தன் இனம் இவ்வளவு பெரியது என்று அவர் நினைத்ததில்லை.

பிறகு அன்னம்மா மேடத்தின் செருப்புகள் வந்தன. பழுப்புத் தோல், தேய்ந்த குதிகால். அவை சுவரோரமாக நடந்து வருவதை அவர் எண்ணெய் வாசனைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு படத்துக்கு இரண்டு அடி, கொஞ்சம் நிற்பு, மறுபடி நடை. நேரே வந்து அவர் முன்னால் நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

மாஷின் கை நடுங்கினால் பிடரிகள் நடுங்கும், பிடரிகள் நடுங்கினால் மேடம் அடுத்த அடியை எடுத்து வைத்துவிடுவார், ஷிம்னா கரும்பலகைக்குப் போய்விடுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மேடத்தின் முகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணால் பார்க்க முடிந்தால் அன்றைக்கு அவர் ஓய்வூதியத்தையே கொடுத்திருப்பார்.

"ஏம்மா, யாருக்குமே முகமில்ல?"

"கடைசி ஸீட்ல உக்காந்தா அவ்வளவுதான் மேடம் தெரியும்" என்றாள் ஷிம்னா.

பிறகு மேடம், மேல்பகுதி கண்ணுக்கு எட்டவில்லை என்று இறக்கிக் காட்டச் சொன்னார். மாஷ் இறக்கினார். வியர்வை வழியும் அவருடைய முகம், கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்க, பிடரிக் கூட்டத்துக்கு மேலே உதித்தது.

"ஒரு முகம் இருக்கே" என்றார் மேடம். "இவரும் படத்தோட வருவாரா?"

"வேணாம் மேடம். இவரு வந்தா கொச்சியில சுவரு பத்தாது" என்றாள் ஷிம்னா.

ஜம்ஷீர் முதலில் சிரித்தான். பிறகு அறையே சிரித்தது. மாஷும் சிரித்தார், ஆனால் மெதுவாகத்தான், படம் ஆடிவிடக் கூடாதே. மேடம் குனிந்து இன்னொருமுறை அந்தப் பவுடர் போகாத பிடரியைப் பார்த்தார். சுவரில்லாத படம் இங்கே இருந்து என்ன செய்யப் போகிறது, என் வண்டியிலேயே வரட்டும் என்றார். சொல்லிவிட்டு ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டார். ஷிம்னா ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படத்தை வண்டிவரை மாஷ்தான் தூக்கிப் போனார். வேறு யார் யாரோ வாங்கிக்கொள்ள வந்தபோதும் கொடுக்கவில்லை. இறுகிய விரல்கள் விரியவில்லை என்பது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. பின்கதவு திறந்தது. பார்த்தால், படம் நேராக நுழையாது போலிருக்கிறது. சுற்றிலும் எல்லாரும் கூடிவிட்டார்கள். எல்லாருடைய கைகளும் காற்றில். மாஷ் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மூலையை உள்ளே கொடுத்துவிட்டு மறுமூலையைப் பிடித்தபடி நிற்கிறார். எண்ணெய் பூசிய பிடரி ஒன்று கதவு விளிம்பில் உரசப் போகிறது.

சாய்க்க வேண்டும் என்றுதானே நினைத்தீர்கள்? உங்கள் தலை ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். அதனாலென்ன, வெட்கப்பட வேண்டாம். இப்படி முன்னால் வாருங்கள். இந்தாருங்கள், இந்த முனையை நீங்கள் பிடியுங்கள்.