இறந்த இடம்: சனத்நகர்

ஹைதராபாத் சனத்நகர் பகுதித் தமிழர் நலச் சங்கம் தொடங்கி முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் சங்கம் எந்த நாட்டின் மீதும் படையெடுத்ததில்லை. அதன் செயலாளர் என்ற முறையில் வைத்தியநாதனாகிய நான் இதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். ஆகவே ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தபோது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது என்று செயற்குழு ஏகமனதாக முடிவு செய்தது.

கருத்து மட்டும் ஏகமனதாக அமையவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு நீலமும் மஞ்சளுமாகக் கொடியை வைத்தார்கள். மீதிப் பேர் "இவன்தான்டா ஆம்பளை" என்று டாங்கிப் படங்களாக அனுப்பினார்கள். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் எங்கள் பொருளாளர், எந்தப் பாலத்தை எப்போது உடைக்க வேண்டும் என்று ரஷ்யப் படைக்குத் தினமும் காலையில் யோசனை சொல்லிவந்தார். அவர்கள் கேட்கவில்லை. அதனால்தான் போர் இழுத்துக்கொண்டு போயிற்று என்பது அவர் கட்சி.

இரண்டு வருடத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. வேறு போர்கள் வந்தன, வேறு கொடிகள் வந்தன. முகப்படத்தை மாற்றிக்கொண்டோம். அந்தச் சமயத்தில்தான் நடேசன் என் வீட்டுக்கு ஒரு காகிதத்தோடு வந்தார்.

நடேசன் லாலாகூடா ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்கோடியில் இரண்டு அறை வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பையன் ராகேஷ். மாதாப்பூரில் ஏதோ கம்பெனி கேன்டீனில் வேலை. சங்கத்து விழா என்றால் நாற்காலி போடுவதும், முடிந்ததும் அடுக்குவதும் அவன்தான். இருநூறு நாற்காலியைத் தனி ஆளாக அரை மணியில் போட்டுவிடுவான். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. உறுப்பினர்கள் நாற்காலி போடுவதில்லை என்பதால் அவனைச் சேர்த்துக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கம் இருந்தது.

யூடியூபில் ஒரு ஏஜென்ட், ராணுவ கேன்டீனில் சமையல் உதவி, சண்டை நடக்கும் இடத்துக்கு நூறு மைல் தள்ளி, ஒரு வருடத்தில் அந்த ஊர்க் குடியுரிமை என்று பேசியதைக் கேட்டு ராகேஷ் ரஷ்யாவுக்குப் போனான். பத்து நாள் கரண்டி பிடிக்கவிட்டு, பதினோராம் நாள் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதுங்குகுழியிலிருந்து அப்பாவுக்கு இரண்டு முறை போன் செய்தான். மூன்றாவது முறை அவன் போனிலிருந்து பேசியது அங்கே அவனோடு இருந்த கரீம்நகர்ப் பையன் ஒருவன்.

"டிரோன் வந்து குண்டு போட்டுச்சாம் சார்," என்றார் நடேசன். "இருவத்தி நாலு வயசு. அங்க ஏதோ ஐஸ் ரூம்புல வச்சிருக்காங்களாம். இட்டாந்து, வாயில ஒரு பிடி அரிசி போட்டு, நான் கொள்ளி வச்சுடணும் சார். வேற ஒண்ணும் வாணாம் எனக்கு. நீங்க படிச்சவங்க. பாத்து எழுதிக் குடுங்க."

நான் நன்றாக எழுதுவேன் என்பது உண்மைதான். "மாண்பமை" என்று தொடங்கி "என்றும் தங்கள் பணிவுள்ள" என்று முடிகிற வகையில் நான்கு பக்கம் எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு, வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலைக் கொண்டுவருவதற்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளர் ஜெகதீஸ்வரன். நாலு தலைமுறைக்கு முன்னால் சிக்கந்திராபாத்துக்கு வந்த குடும்பம். நம்மவர். நம்மவர் ஒருவர் நாற்காலியில் இருந்தால் வேலை சுலபம் என்று வழியெல்லாம் நடேசனுக்குத் தைரியம் சொன்னேன்.

ஜெகதீஸ்வரன் மனுவைப் படித்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்ததும் விண்ணப்பப் படிவத்தின் பதினான்காம் பத்திக்கு வந்தார்.

"இறந்த இடம். எந்த நாடு?"

நடேசன் காகிதத்தை நீட்டினார். ரஷ்யாவிலிருந்து வந்த இறப்புச் சான்று. கூடவே மொழிபெயர்ப்பு.

"இதுல ரஷ்யான்னு இருக்கு. ஆனா அந்த கிராமம் நம்ம மேப்புல உக்ரைன். ரெண்டு பேரும் எங்களதுன்றாங்க. நான் எதைப் போடறது சொல்லுங்க?"

"எதையாவது போடுங்க சார்."

"நக்கோ நக்கோ! அப்படிச் சொல்லக்கூடாது பெரியவரே. நம்ம தேசத்தோட நிலைப்பாடு என்ன? ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்த்துக்கணும். நாளைக்கு நான் ரஷ்யான்னு எழுதிட்டேன்னு வைங்க. அந்த கிராமம் ரஷ்யாவுக்குச் சொந்தம்னு ஹைதராபாத்துல, இந்த டேபிள்ல, ஜெகதீஸ்வரன் ஒத்துக்கிட்டான்னு ஆயிடும். உக்ரைன்னு எழுதினா, உங்க பையன் அடுத்தவன் நாட்டுக்குள்ள துப்பாக்கியோட பூந்துட்டான்னு ஆயிடும். படையெடுப்பு! அதுக்கு வேற செக்ஷன்."

"சமையல் வேலைன்னுதான் சார் கூட்டிப் போனாங்க."

"ஹவ், ஆமா, எனக்குத் தெரியுது. பத்திக்குத் தெரியாதே."

காலியாக விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. "மற்றவை" என்று ஒன்று முன்பு இருந்ததாம். எல்லோரும் மற்றவற்றிலேயே செத்துக்கொண்டிருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள்.

"அப்ப எப்ப சார் முடியும்?" என்றார் நடேசன்.

"சண்டை முடியட்டும். யாருக்கு எந்த கிராமம்னு தெரிஞ்சுடும். அன்னிக்கே போட்டுடறேன், ஒரு நாள் லேட் பண்ண மாட்டேன்."

நடேசன் அவரைக் கும்பிட்டார். ஏன் கும்பிட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆபீஸ் மேஜையைக் கண்டால் கும்பிட்டுப் பழகிய கை.

சண்டை முடியாமலே பல மாதங்கள் ஓடிய பிறகு, இந்தச் செய்தி எங்கள் கலாசாரப் பிரிவுப் பொறுப்பாளர் ஷர்மிளாவுக்கு எட்டியது. ஷர்மிளா மாதாப்பூரில் பெரிய மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவள். துக்கத்தை ஒழுங்குபடுத்துவதில் அவளுக்கு நிகர் கிடையாது.

"அங்கிள், அந்த வார் இப்போ யாருமே பேசறதில்லை. பட், நம்ம தெருவிலேயே ஒருத்தர்னா டோட்டலி டிஃபரண்ட்! கேண்டில்லைட் விஜில் வெச்சுடலாம்."

வைத்தோம். சங்கத்து ஹாலை மாலை ஆறு மணிக்கு ஒரு பிறந்தநாளுக்கு விட்டிருந்ததால் மெழுகுவத்தியை நாலரை மணி வெயிலிலேயே ஏற்றும்படி ஆயிற்று. வெள்ளை உடை கட்டாயம். பின்னால் பெரிய பேனரில் புறா. ராகேஷின் படத்தைப் போடலாமா என்று பேச்சு வந்தபோது, அவன் எந்தப் பக்கத்து உடையில் செத்தான் என்று ஒருவர் கேட்க, டாங்கிப் படக்காரர்கள் அவனை வீரன் என்றார்கள், நீல மஞ்சள்காரர்கள் கூலிப்படை என்றார்கள். ஹாலுக்குள்ளேயே கைகலப்பு வந்துவிடும் போலிருந்தது. அமைதிக் கூட்டம் என்பதால் படத்தை எடுத்துவிட்டுப் புறாவை மட்டும் வைத்துக்கொண்டோம். நடேசன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளை அவரே வந்து போட்டுவிட்டிருந்தார்.

கடைசியில் ஒரு பெரிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தாளின் மேற்பகுதி காலி. அமைதி வேண்டும் என்கிற வாசகத்தை நல்ல எழுத்துருவில் பிறகு அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். நாற்பத்து மூன்று கையெழுத்து. என்னுடையது முதலில்.

மறுவாரம் ஜெகதீஸ்வரனே எனக்குப் போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல்.

"சார், வழி கிடைச்சுடுச்சு! பையனோட நிரந்தர விலாசம் எது?"

"சனத்நகர்."

"அதையே போட்டுடலாம். இறந்த இடம், சனத்நகர். ரஷ்யாவுக்கும் வருத்தமில்லை, உக்ரைனுக்கும் வருத்தமில்லை. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், கப்புனு எடுத்துக்குது. வீட்ல இறந்தாருன்னு அக்கம்பக்கத்துக்காரங்க கையெழுத்து மட்டும் வேணும்."

கையெழுத்துத் தாள் என் மேஜை மேலேயே இருந்தது. மேற்பகுதி காலி. என்னிடம் நல்ல பேனாவும் இருந்தது. "கீழே கையொப்பமிட்ட நாங்கள், நடேசன் மகன் ராகேஷ் சனத்நகரில் தம் இல்லத்தில் இயற்கை எய்தியதை நேரில் கண்டோம் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறோம்." எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். வாசகம் அருமையாக வந்திருந்தது.

நடேசன்தான் கொஞ்சம் தகராறு செய்தார்.

"அவன் இங்க சாவலியே சார்."

"இது வெறும் காகிதம் நடேசன். காகிதத்தில் ஒரு இடத்தில் செத்தால்தான் உடம்பு வரும்."

"இங்க செத்திருந்தா நான் பக்கத்துல இருந்திருப்பேனே சார். அரிசி போட்டிருப்பேனே."

"போடத்தானே போகிறீர்கள்? கையெழுத்தைப் போடுங்கள்."

போட்டார். ரேஷன் கடையில் வாங்கிய அரிசியில் கல் பொறுக்கி, ஒரு பிடியைத் தனியாக முடிந்து சுவாமி படத்தின் முன்னால் வைத்திருப்பதாகச் சொன்னார்.

இருபது நாளில் பதில் வந்துவிட்டது. நம் நாட்டில் இவ்வளவு வேகமான பதிலை நான் பார்த்ததில்லை. "தாங்கள் அளித்த சான்றுகளின்படி மேற்படி நபர் சனத்நகரில் இறந்துள்ளது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளதால், அன்னாரது உடலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை எழவில்லை. கோரிக்கை இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது." கீழே நகல் பெறுநர் என்று காவல் நிலையத்தின் பெயர். சனத்நகரில் இறந்த நபரின் உடல் எந்த மயானத்திலும் எரித்ததாகவோ புதைத்ததாகவோ பதிவு இல்லை என்பதால் தக்க விசாரணைக்காக.

இன்ஸ்பெக்டர் சலீம் ரயில்வே காலனியில் தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்தவர். நல்ல தமிழ் பேசுவார். நடேசனை உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

"பெரியவரே, உங்க மகன் உங்க வீட்ல செத்திருக்கான். நாப்பத்து மூணு பேர் பாத்திருக்காங்க. பாடி எங்கே?"

"அதைத்தான் சார் நான் ஒரு வருசமா கேட்டுக்கினு இருக்கேன்."

நாற்பத்து மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். ஒருவர் விடாமல் வந்து, உள்ளதைச் சொன்னார்கள். ஷர்மிளா தான் உலக அமைதிக்காகக் கையெழுத்திட்டதாகவும், குறிப்பிட்ட யாருடைய சாவுக்காகவும் அல்ல என்றும் எழுதிக்கொடுத்தாள். தக்காளி மண்டிக்காரர், அந்தப் பையன் எப்படியிருப்பான் என்றே தமக்குத் தெரியாது என்றார். வாசகத்தை எழுதியது யார் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சங்கத்தில் அவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

கடைசியாக என் முறை.

"உங்களுக்கு ராகேஷைத் தெரியுமா சார்?"

பெஞ்சில் நடேசன் உட்கார்ந்திருந்தார். அந்த அரிசி முடிச்சு ஆய்வாளரின் மேஜை மீது, சீட்டு ஒட்டி, வீட்டைச் சோதித்ததில் கிடைத்த பொருள் என்ற தகுதியில் இருந்தது. பொய்ச் சான்று எழுதியவனுக்கு எத்தனை வருடம் என்று வக்கீலிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன்.

"நாற்காலி போடுகிறவர்கள் பலர் வருவார்கள், போவார்கள்," என்றேன். "குறிப்பாகச் சொல்ல முடியாது."

"போன வருசத்துக்கு முந்தின பொங்கலுக்கு உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில எறங்கிக் கழுவினானே சார்," என்றார் நடேசன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறந்துவிட்டவனுக்கு எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னார். "நீங்ககூட உங்க பழைய சட்டை ஒண்ணு குடுத்தீங்க. ரஷ்யாவுக்குப் போறப்ப அதைத்தான் போட்டுக்கினு போனான்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

"சார்," என்றேன் நான், "இந்த விஷயத்தில் எங்கள் சங்கம் நடுநிலை வகிக்கிறது. அப்பாவும் காவல் துறையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு."

ராகேஷ் இன்னும் அந்தக் குளிர் அறையில்தான் இருக்கிறான். மகன் உடலை மறைத்ததாக விசாரணையில் இருக்கும் நடேசன், திங்கட்கிழமைதோறும் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அந்த கிராமம் மறுபடியும் கை மாறிவிட்டதாகப் பொருளாளர் சொன்னார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆண்டு அமைதிக் கூட்டம் நடத்தினோம். நாற்காலி போட ஆள் இல்லை. நடேசனைக் கூப்பிடுவது சரியாக இருக்காது என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் மெழுகுவத்தியோடு நின்றுகொண்டிருந்தோம். ஒரு நிமிட மௌனத்துக்கு எப்படியும் எழுந்து நிற்கத்தான் வேண்டும் என்பதால், யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.