பேராசிரியைக்குக் கொண்டுபோன பலகாரப் பெட்டி

மரியாதைக்குரிய புசாயே அக்காவுக்கு,

ஒகயாமாவிலிருந்து தம்பி மொரியோ வணங்கி எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் ரத்த அழுத்தமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். என் மானம் மட்டும்தான் நலமில்லை.

விஷயம் நம் சயோரியைப் பற்றியது. சுற்றுச்சூழலில் மேல்பட்டம் படிக்கப் போகிறாளாம். தாராளமாகப் படிக்கட்டும், நானா குறுக்கே நிற்கிறேன்? ஆனால் பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்க, வடக்கே ஹொக்கைடோவில், குஷிரோ சதுப்பு நிலத்தில் கொக்கு எண்ணப் போகிறேன் என்கிறாள். "கொக்கு நம்ம ஊர்லயும் இருக்கேம்மா" என்றேன். "அது பூங்காவுல கூண்டுக்குள்ள இருக்குப்பா" என்கிறாள். அவள் அம்மா போன பிறகு எனக்கிருக்கும் ஒரே துணை அவள்தான். அவளும் கிளம்பிவிட்டால் நானும் ரைஸ் குக்கரும்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் எந்த இடம் என்று அவள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அதனால் அவளை எப்படியாவது இங்கேயே இழுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று, அவளிடம் மூச்சுவிடாமல் இந்த உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை இகராஷியைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடா போவது? ஸ்டேஷன் கடையில் பீச் பழப் பலகாரம் பன்னிரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை, குட்டித் தட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம். அப்புறம் பெட்டி, பெட்டிக்குக் காகிதம், அதற்கு ஒரு பை, மழை என்பதால் பைக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை, கொடுக்கும்போது பை கசங்கியிருக்கக் கூடாதென்று மடித்துவைத்த இன்னொரு பை. அந்த அம்மாள் ஆராய்ச்சி செய்வதே தேவையில்லாத பொட்டலக் குப்பையைத்தான் என்று நான் கண்டேனா? பெட்டியைப் பார்த்ததும் மாணவர்களைக் கூவி அழைத்தார். "எல்லாரும் ஓடி வாங்க! தராசையும் எடுத்துட்டு வாங்க!" பிரித்து, மேசையில் பரப்பி, எண்ணினார்கள். நாற்பத்தொன்று. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முப்பத்தெட்டு வருஷம் பொட்டலக் கம்பெனியில் வேலை பார்த்தவன் வாய் சும்மா இருக்குமா? "அந்தக் குட்டித் தட்டு நான் வடிவமைச்சதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். "நீங்களா?" என்றார் அம்மாள். "இத்தனை வருஷமா உங்களத்தாங்க தேடிட்டிருந்தோம்!" அப்புறம் மூன்று மணி நேரம் கேள்விமேல் கேள்வி. அந்தக் களேபரத்தில் சயோரி விஷயத்தைச் சொல்லவே மறந்து போச்சு, அக்கா.

அங்கே படிக்கிற அவள் தோழி ஒருத்தி, நான் வந்துபோனதை அன்றைக்கே அவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். "எனக்காகப் பேசப் போனீங்களா? நான் என்ன பாலர் வகுப்பா படிக்கிறேன்? இனி அந்த வாசப்படிய எப்படிப்பா மிதிப்பேன்?" என்று கத்திவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினவள்தான், ரெண்டு நாளாய் என்னோடு பேசவில்லை. நீங்க சொன்னா கேப்பா. ஒரு போன் போட்டு, உள்ளூரிலேயே படிக்கச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். ஈரத்தில் வெளியே அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் தம்பி
மொரியோ

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தயவுசெய்து போன் செய்யாதீர்கள். அவள் குஷிரோவுக்கே போகட்டும். இங்கே அவள் சேர்ந்தால் எனக்குத்தான் சங்கடம். ஓய்வுபெற்றவர்களும் தேர்வு எழுதி மேல்பட்டத்தில் சேரலாம் என்று இகராஷி அம்மாள் விண்ணப்பம் அனுப்பினார், நானும் நிரப்பிவிட்டேன். மாணவருக்குப் பொறுப்பேற்கும் குடும்பத்தார் முத்திரை குத்த அதில் ஓர் இடம் இருக்கிறது. சயோரிதான் வாங்கிப் படித்து, நான்கு பிழை திருத்தி, 'உறவு' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதி, தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. "அழாதீங்கப்பா, ஒழுங்காப் படிங்க. உங்க மார்க் ஷீட் குஷிரோவுக்கு, என் பேருக்குத்தான் வரும்" என்றாள்.