என் மச்சினியின் பிரசவமும் என் இடுப்பெலும்பும்

பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கூடப் படித்தவன் கார் வாங்கினால் வயிறு எரியும். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தால்கூட எரியும். ஆனால் நாற்பத்து நாலு வயதில், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு, ஒரு கர்ப்பிணியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆண்பிள்ளை இந்த மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.)

கர்ப்பிணி வேறு யாருமில்லை, என் மனைவி வித்யாவின் தங்கை ரம்யா. ஹனூரில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் என்பதால் முன்கூட்டியே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீடும், அதாவது என் மாமியார் வீடும், எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டு. அவள் வந்த அதே வாரம் எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. தொடை இடுக்கில் ஒரு சுரீர். காலை ஊன்றினால் உயிர் போகும்.

எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவுதான், வித்யாவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். அவ வந்ததிலேர்ந்து உங்களுக்கு முகமே சரியில்லை" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. ரம்யா 'க்கும்' என்று கனைத்தால் இளநீர் வந்தது. நஞ்சன்கூடு வாழைப்பழம் தேடி மாமனார் ஊரையே சுற்றினார். நான் நொண்டிக்கொண்டே போய் என் காபியை நானே கலந்துகொண்டேன்.

வலி ஏறிக்கொண்டே போக, கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் மாட்டிக்கொண்டது. இடுப்பு மூட்டில் எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "எலும்பு தற்காலிகமா பலம் இழந்திருக்கு. ஏன் வருதுன்னு யாருக்கும் சரியா தெரியாது. சில மாசத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் இந்தக் கால்ல பாரம் போடக்கூடாது. விழுந்தீங்கன்னா எலும்பு முறியும், அப்புறம் ஆபரேஷன்தான். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து நான் சொன்ன பிறகுதான் ஊன்றுகோலை விடணும்."

"யாருக்கு டாக்டர் இது வரும்?" என்று வித்யா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"ரெண்டே கூட்டத்துக்குத்தான் அதிகமா வரும். இவர் வயசு ஆம்பளைங்க. அப்புறம், பிரசவத்துக்கு நெருங்கின பொம்பளைங்க."

வித்யா கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, பாவம் அழுகிறாள் என்று டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது அவள் கேட்டாள்: "வயித்துல பிள்ளையை வெச்சிருக்கிற அவளுக்கே வரலை. உங்களுக்கு எப்படிங்க வந்தது?" ஏதோ ரம்யாவின் பங்கை நான் திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி.

சரி, இனிமேலாவது மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேரையும் ஒன்றாகக் கவனிக்க வசதி என்று மாமியார் என்னையும் அவர்கள் வீட்டு ஹாலில் உட்காரவைத்தார். எதிரெதிரே நானும் ரம்யாவும். இரண்டு பேருக்கும் ஒரே கால்சியம் மாத்திரை, ஒரே கம்பெனி. ரம்யாவுக்கு வித்யா மாத்திரையை உறையிலிருந்து பிரித்துக் கையில் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பாள். என்னிடம், "டேபிள் மேல இருக்கு பாருங்க" என்பாள். டேபிள் ஹாலின் அந்தக் கோடியில். நடக்காதே என்று டாக்டர் சொன்னது யாருக்கு என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த எரிச்சலோடுதான் வளைகாப்பு அன்று உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். படியேற முடியாததால் ஹாலில் நான் ஒரே ஆண். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வளையல்காரம்மாவை வரவழைத்திருந்தார்கள். ரம்யாவின் மாமியார் ஹனூரிலிருந்து ஒரு வேன் ஜனத்தோடு வந்திருந்தார். நல்ல மனுஷி. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறவர். கிண்டல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ரம்யா கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், சுற்றிப் பாட்டு. வந்த பெண்களுக்கும் வளையல் போட்டுவிட்டார்கள். என்னை ஒரு ஈ, காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாய் சும்மா இருக்கக்கூடாதா?

"பிள்ளைத்தாச்சிங்களுக்கு வர்ற வியாதிதான் எனக்கும். எனக்கு மட்டும் வளையல் கிடையாதாக்கும்" என்று முனகினேன். கொஞ்சம் சத்தமாகவே முனகிவிட்டேன்.

ஹனூர் அம்மா திரும்பினார். "ஏனுங்க மாப்பிள்ளை, இன்னைக்கு வளையல் கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்பப்படாதுங்க. நீட்டுங்க கைய."

"ஐயோ, சும்மா சொன்னேன்மா."

"சும்மாவோ நெசமோ, கேட்டுட்டீங்கல்ல?"

வளையல்காரம்மா அதற்குள் என் இடது கையைப் பிடித்து விரல்களை ஒன்றாக மடக்கி ஒரு அமுக்கு அமுக்கினார். எலும்பு நெரிந்த மாதிரி இருந்தது. பச்சையும் சிவப்புமாக ஜரிகை ஓடிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் உட்கார்ந்துவிட்டன. யாரோ கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வித்யா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். குடும்ப வாட்ஸப்பில் போட்டோ போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கழற்றப் பார்த்தேன். ஊன்றுகோலை அழுத்திப் பிடித்து உள்ளங்கை வீங்கிக் கிடந்தது. சோப்பு, தேங்காயெண்ணெய், பிளாஸ்டிக் கவர் எதற்கும் மசியவில்லை. உடைக்கலாம் என்று அம்மிக் குழவியை எடுக்கச் சொன்னேன். வேனில் ஏறப்போன ஹனூர் அம்மா இறங்கி வந்துவிட்டார்.

"வளைகாப்பு வளையலை எதுக்குங்க ஒடைக்கோணும்? கொழந்தை பொறக்கட்டும். அதுக்கு முன்னால ஒடச்சா வயித்துப்பிள்ளைக்கு ஆகாதுங்க."

சம்பந்தியம்மா சொல்லிவிட்டால் என் மாமியாருக்கு அது சட்டம். போகட்டும், முழுக்கைச் சட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டாவது ஸ்கேன். வலி வெகுவாகக் குறைந்திருந்தது. ஊன்றுகோலைத் தூக்கி எறியும் ஆசையோடு போனேன். ஸ்கேன் சென்டரில் இருந்த பெண் என் சட்டைக் கையை மடித்தாள், நிறுத்தினாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தெகீலேபேக்கு சார்" என்றாள். கழற்றியே ஆகவேண்டுமாம்.

"கண்ணாடிதானேம்மா?"

"ஜரிகை இதே அல்லா சார், மெட்டல் இருக்கும். மிஷின் ஒளகே பிடல்ல." ஜரிகையோடு மிஷினுக்குள்ளே விடமாட்டார்களாம்.

மாமியாருக்குப் போன் செய்தேன். "அத்தை, உடைச்சாத்தான் ஸ்கேன் எடுப்பாங்களாம்."

"மாப்பிள்ளை, உங்க கால் முக்கியம்தான்" என்றார். அப்புறம் நீளமாக ஒரு மௌனம். அந்த மௌனத்துக்கு மேல் எந்த மருமகனும் பேச முடியாது. டாக்டரோ, ஸ்கேன் பார்க்காமல் ஒரு அடிகூட ஊன்றி வைக்க விடமாட்டேன் என்றார். ஆக, ரம்யா பெற்றால்தான் நான் நடக்கலாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ரம்யாவை என்னைவிட அக்கறையாகக் கவனித்தவர்கள் கிடையாது. காலையில் கண் விழித்ததும் என் முதல் கேள்வி, "வலி ஏதாவது தெரியுதாம்மா?" டாக்டர் அவளை நடக்கச் சொன்னதால் காம்பவுண்டுக்குள் துணைக்கு நானும் போனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் ஊன்றுகோலும் வளையல் சத்தமுமாக. எதிர்வீட்டு கௌடர் தினமும் பேப்பரோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சொன்ன தேதியும் தாண்டியது. நான் தவித்த தவிப்பில் ரம்யாவே, "மாமா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. இதெல்லாம் நேச்சுரல்" என்று என்னைத் தேற்றினாள்.

ஒருவழியாக வலி கண்டபோது காரில் முதலில் ஏறி உட்கார்ந்தவன் நான். ஆஸ்பத்திரியில் கதவு திறந்து நர்ஸ், "பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றதும் எல்லாரும் கும்பிட்டார்கள். நான், தகவல் தெரிந்து வந்து சேர்ந்திருந்த ஹனூர் அம்மாவின் முன்னால் இடது கையை நீட்டினேன்.

அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒடச்சுக்குங்க" என்றார். சுவரிலேயே தட்டி உடைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் மாமனாரும் கட்டிப்பிடித்து அழுதார். அந்த வாரமே ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு பழையபடி ஆகியிருந்தது.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஹாலில் இருக்கும்போது ரம்யா போன் செய்தாள். வித்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, குட் நியூஸ். மறுபடியும் மாசமா இருக்கேன்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை, நிக்காதீங்க, உக்காருங்க" என்று மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டார். வித்யா ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் வைத்து, "வலிக்கிதா? உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"ஹலோ, மாசமா இருக்கிறது நான்" என்று போனிலிருந்து ரம்யா கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வலியும் இல்லை. "லேசா இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.