முதலாளிக்கே கதவடைத்த லைசன்ஸ் அண்ணன்

இலங்கையில் உள்ள சட்டம் அத்தனையையும் மதித்து நடக்கிற ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் லைசன்ஸ் அண்ணன்தான். மாத்தளையில் மிளகு, கராம்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. த்ரீவீலில் ஏறுமுன் சாரதியின் லைசன்ஸைக் கேட்பார். காட்டாவிட்டால் பல்லேபொலவில் இருக்கிற வீட்டுக்கு நடந்தே போவார். என் அக்காவின் கல்யாணக் கார்டைக் கொடுத்தபோது, வாழ்த்துச் சொல்லாமல், இதில் அச்சடித்திருக்கிற கம்ப்யூட்டர் எழுத்து காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்டார். அக்கா இன்னும் அதை மறக்கவில்லை.

போன வருஷம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. எங்கே இருந்தாலும் ஆபீஸ் சர்வருக்குள் போய் வேலை பார்க்க வேண்டுமாம். அண்ணன் மூன்றே நாளில் செய்து கொடுத்துவிட்டு, கூடவே ஒரு குண்டும் போட்டார். சர்வரைப் பராமரிக்கிற தனக்கு லைசன்ஸ் வேண்டாம், வெளியிலிருந்து வேலை செய்கிற மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும், லைசன்ஸ் இல்லாமல் ஓட நாலு மாதம்தான் தவணை என்றார். முதலாளியின் மருமகன், அந்தத் தவணையை நைசாக மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கலாம் என்று யோசனை சொன்னார். அண்ணன் அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தார். முதலாளி பயந்துபோய் நாலு லைசன்ஸ் வாங்கினார். தனக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்று, யட்டவத்த, தம்புள்ளை ஸ்டோர்களுக்கு ஒவ்வொன்று. மற்றவர்கள் தவணை முடிந்ததும் ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாம் மாதம் நான் எங்கள் வீடு இருக்கிற எஸ்டேட் படிக்கட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். கப்பல் பேப்பர்கள் எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் இருநூறு படி ஏறி மூச்சு வாங்க வந்து, என் லேப்டாப்பில் இணைப்புப் போட்டுக் கொடுத்தார். டீ குடித்துக்கொண்டே அப்பாவிடம் டிவி டிஷ்ஷுக்கு ரசீது இருக்கிறதா என்று விசாரித்தார். அப்பா பேச்சை மழைக்கு மாற்றினார்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி போன் பண்ணி, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். காலில் மாவுக்கட்டு. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். சர்வர் என்னை உள்ளே விட்டது!

பத்து மணிக்கு முதலாளியின் போன். கொழும்பில் சரக்கு வாங்குபவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சர்வர் தன்னை விரட்டுகிறது என்றார். எனக்குத் திறந்திருக்கிறது என்றேன். அவ்வளவுதான், அண்ணனையும் அதே லைனில் பிடித்தார்.

"என்னோட கம்பெனியில என்னையே வெளிய போட்டீங்களா?"

அண்ணனின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "மொதலாளி, நாலு மாசத்துல நீங்க ரெண்டு தடவதான் வந்தீங்க. ரெண்டு தடவையும் பாஸ்வேர்ட் பிழை. இந்தத் தங்கச்சி ஒவ்வொரு நாளும் உள்ள இருந்து வேலை செய்யுது. அதான் உங்க பேர எடுத்துட்டு அது பேரப் போட்டேன். நான் செஞ்சது பிழைன்னா என்னய வேலைய விட்டு நிப்பாட்டுங்க."

முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் ஒரு நிமிஷம் என்றார். கடைசியில் முதலாளி, "சரி தங்கச்சி, அந்தக் கொண்டெய்னர் பேப்பர அனுப்பும்மா," என்றார். கால் மணி நேரத்தில் அனுப்பினேன். அந்த வாரமே முதலாளிக்கு ஐந்தாவது லைசன்ஸ் வந்தது. அண்ணனை நிறுத்தும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கால் தேறி ஆபீசுக்குத் திரும்பியதும் அண்ணனின் கொப்பியைப் பார்த்தேன். யாருக்கு லைசன்ஸ், என்ன காரணம் என்று அதில் எழுதி வைத்திருப்பார். மற்ற நாலு பேருக்கும் 'முதலாளி உத்தரவு'. என் பெயருக்கு எதிரே, அழகான கையெழுத்தில், 'இந்தப் பிள்ளைக்கு வேலை போகக் கூடாது.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு ஒரு டீ கொண்டுபோய் வைத்தேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பானா, தெரியாது.