முடியலை என்ற சொல்லின் பொருள்

சிதம்பரம்,
11.8.2009

சிரஞ்சீவி ராஜகணேஷுக்கு, மாமா கனகசபேசன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

நெடுநாள் யோசனைக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்று முதல் என் கடிதங்களில் 'நலம், நலமறிய அவா' என்ற வரி இடம்பெறாது. நலம் என்றால் என்னவென்று தீர்மானமாகாத நிலையில் அதை எழுதுவது பொய். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தர்க்கம் நடத்தியவனுக்கு அது அழகல்ல. அங்கே திருப்பாதிரிப்புலியூரில் நம் உறவினர் அனைவருக்கும் இதைத் தெரிவித்துவிடு.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ, "மாமா, அக்காவுக்கு ரத்தம் இல்ல, உங்களுக்கு வாதம். வியாழக்கிழமை கார் எடுத்தாறேன், ஆஸ்பத்திரியில சேக்கணும்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். வாதம் என்று நீ சொன்னது வழக்காடுவதையா, கைகால் இழுப்பதையா என்று கேட்க மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். உன் அக்கா கனகாம்பாள் இரண்டு மாதமாக "முடியலை" என்கிறாள்.

"என்ன முடியலை?" என்றேன்.

"ஒண்ணும் முடியலைங்க."

"காலையில இட்லி யாரு ஊத்துனது?"

"நான்தான்."

"துணி?"

"நான்தான் தொவைச்சேன்."

"அப்ப முடிஞ்சிருக்கே!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மூச்சு வாங்குவது பதிலாகாது. செய்யவேண்டியதைச் செய்ய இயலாமைதான் நோய் என்பது என் கட்சி. கால் வீங்கியிருக்கிறது, வாஸ்தவம். வீங்கிய காலோடுதான் கடைக்குப் போய்வருகிறாள்.

பக்கத்து வீட்டு தேவசகாயம், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிர்க்கட்சி. அவருக்குப் பரிசோதனைச் சீட்டில் எண் தடித்த எழுத்தில் அச்சானால் அதுவே நோய். "சார், ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்கணும். இவுங்களுக்கு ஆறு" என்றார். பன்னிரண்டை நிர்ணயித்தது யார் என்று கேட்டேன். அவரைக் கொண்டே எங்கள் தெருவில் ஐந்து பெண்களுக்குப் பரிசோதனை செய்யவைத்தேன். எட்டைத் தாண்டியவர் ஒருவருமில்லை. ஆகவே இத்தெருவின் இயல்பு ஏழரை. கனகாம்பாளுக்கு ஒன்றரைதான் குறைவு. "அப்ப தெருவே சீக்குன்னுதான சார் அர்த்தம்?" என்றார் தேவசகாயம். எல்லாருக்கும் இருப்பது எப்படி நோயாகும்? இதற்கே நான்கு மாலைகள் ஆயின. இடையில் கனகாம்பாள் காபி கொண்டுவந்தாள். பாதி சாஸரில் இருந்தது. சாஸரில் இருந்தாலும் காபிதான் என்று தேவசகாயத்துக்குச் சுட்டிக்காட்டினேன்.

அவள்தான் கோபப்பட்டாள். "நான் செத்தாலும் ரெண்டு பேரும் உக்காந்து, இவ செத்தாளா இல்லியான்னு பேசுவீங்க. அதுக்கும் காபி கேப்பீங்க." இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளை நோயாளி என்று எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது?

ஆகவே வியாழக்கிழமை கார் வேண்டாம். வரையறை முடிவானதும் நானே எழுதுகிறேன். பிரீதாவுக்கும் குழந்தைகளுக்கும் நடராஜர் அருளால் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கனகசபேசன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது காபி கேட்டேன். வரவில்லை. உன் அக்கா அடுக்களையில் கீழே கிடக்கிறாள். எழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. 108-க்குச் சொல்லியிருக்கிறது. இதைத் தேவசகாயத்திடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். உனக்கு நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.