சிவப்பு ஒயரும் சிவபாண்டியும்

இரண்டாம் சூளையின் வெப்ப மீட்டர் ஆயிரத்துக்கும் எண்ணூறுக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க சிவபாண்டிக்கு வயிறு குளிர்ந்தது.

ஆலங்குளத்துப் பக்கம் உள்ள அந்தச் சுண்ணாம்புச் சூளையில் பதினாறு வருஷ எலக்ட்ரீஷியன் அவர். போன வருஷம் வேலைக்கு வந்த எழில் என்ற பெண்ணிடம் இரண்டாம் சூளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் மேனேஜர். அன்றிலிருந்து சூளையைவிட இவர் வயிறுதான் அதிகம் எரிந்தது.

"எங்கலே உங்க மேடம்?"

"விருதுநகர் போயிருக்காகண்ணே," என்றான் கரி போடும் வேலுச்சாமி. "நீங்களே பாத்துருங்க."

"பாக்கேன்லே, பாக்கேன்!"

சூளைச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். சூட்டை அளக்க உள்ளே சொருகியிருக்கும் தெர்மோகப்பிள், மீட்டருக்குப் போகும் ஒயரோடு சேர்கிற இடம் அது. ஒரு ஸ்குரு லூசாக ஆடியது. அதைத் திருகியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு.

"செவப்ப மைனஸ்ல குடுத்திருக்கா! இவளுக்கு ஒரு சூளை!"

ஒயர்களை இடம் மாற்றி இறுக்கினார். மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே போனது. மீட்டர் பக்கமும் ஓடிப்போய் மாற்றினார். இப்போது ஆடாமல் அசையாமல் தொள்ளாயிரத்தில் நின்றது.

"பாத்தியாலே! இம்புட்டு நாளா நூறு டிகிரி கூட்டிக் காட்டியிருக்கா. ஆயிரம் வரணும், கரியப் போடு!"

"சரிண்ணே."

"இன்னும் போடு!"

வேலுச்சாமி மறுபேச்சில்லாமல் அள்ளிப் போட்டான்.

சாயங்காலம் எழில் வந்தபோது, வெந்த கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பொங்கிப் பூக்க வேண்டிய சுண்ணாம்பு கருங்கல்லாட்டம் கிடந்தது. ஒரு லோடு மொத்தமும் பாழ்.

"அண்ணே, இந்த ஒயர்ல செவப்புதான் மைனஸ்," என்றாள் எழில். "நீங்க ரெண்டு முனையும் திருப்பிட்டீக. மீட்டர் நூறு கொறச்சுக் காட்டியிருக்கு. நெருப்பு நூறு கூடி, கல்லு அளவுக்கு மேல வெந்துருச்சு."

சிவபாண்டி ஒயரையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே தெளிந்துவிட்டார். சூளை இவர் பொறுப்பிலா இருக்கிறது?

"யாரு திருப்புனா என்னம்மா? சூளை யாரு பொறுப்போ, மேனேஜர் அவுகளத்தான கேப்பாரு!"

வேலுச்சாமி குறுக்கே வந்தான்.

"அண்ணே, நோட்டீஸ் போர்டப் பாக்கலியா? நீங்கதான் மூத்தவுகன்னு மேடம் மேனேஜர்ட்ட மல்லுக்கட்டி, இன்னைக்குக் காலையில இருந்து இந்தச் சூளைய உங்க பொறுப்புல போடவச்சுட்டாக. இல்லாட்டி நீங்க சொன்னீகன்னு நான் அம்புட்டுக் கரிய அள்ளிப் போடுவனா?"