உள்படிக்கட்டு வரி

வசதி படைத்தோரிடம் கூடுதல் வரி வாங்குவதே நியாயம் என்று இருபது ஆண்டுகளாக எழுதிவந்தார் பேராசிரியர். பதினைந்து ஆண்டு வெளிநாட்டிலிருந்து, ஐந்து ஆண்டு ஊர் திரும்பி. ஒருநாள் அரசுக்கும் அப்படியே தோன்றிவிட்டது. வசதி படைத்தோர் யார் என்று கண்டறியும் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள்.

வருமானத்தை மறைக்கலாம், நகையை மறைக்கலாம். மாடிப்படியை எங்கே கொண்டுபோய் மறைப்பது? ஆகவே, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், வீட்டுக்குள் படிக்கட்டு உள்ளவரே செல்வந்தர் என்று பேராசிரியர் வரையறுத்தார்.

மறுவாரமே பெரிய வீடுகளில் சுத்தியல் சத்தம், ரம்பச் சத்தம். பாதிப் பேர் லிஃப்ட் வைத்தார்கள். லிஃப்ட் படிக்கட்டாகாது என்று மேல்முறையீட்டு அலுவலகமும் மனமுவந்து ஒப்புக்கொண்டது. ஆலை முதலாளி ஏணியில் ஏறிப் படுக்கப் போனார்.

ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் ஒரே ஒரு செல்வந்தர் மிஞ்சினார். அதிகாரி டேப்போடு வந்து, பேராசிரியர் வீட்டுப் பரணுக்குப் போகும் ஏழு மரப்படிகளை மரியாதையோடு அளந்தார்.

"மேலே வெறும் காகிதம்தாங்க இருக்கு!"

"மேலே என்ன இருக்குன்னு விதியில கேக்கலையே ஐயா. எழுதினது நீங்கதான்."

"ஊருக்கே ஒரே பணக்காரர்," என்றாள் மனைவி. "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நல்ல சோபாவாவது வாங்கியிருப்பேன்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா. கட்டிடறேன்."

வரித் தொகையைப் பார்த்தார். மூன்று மாதச் சம்பளம். கொள்கை தச்சருக்குப் போன் போட்டது.

தச்சர் படியைத் தட்டிப் பார்த்துக் கூலி சொன்னார்.

"என்னப்பா இது? பக்கத்து வீட்டு டீச்சருக்கு இதுல பாதிதானே வாங்கினே?"

"அவங்க டீச்சர் சார். இருக்கப்பட்டவங்களுக்கு ரெட்டை ரேட். நீங்க எழுதினதுதான், எங்க மேஸ்திரி படிச்சுக் காட்டினாரு."

"எல்லாரும் குடுத்தாங்களா?"

"வாயே திறக்காம குடுத்தாங்க சார்."

பேராசிரியர் மனக்கணக்குப் போட்டார். அவருடைய திட்டத்தில் வசூலானது இது ஒன்றுதான்.

"நீகூட மாடி கட்டியிருக்கியாமே? உள்ள படியா?"

"ஐயோ, ஏணிதான் சார்!" தச்சர் ரம்பத்தை எடுத்தார். "உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரேன். படி போயிட்டா நீங்களும் நம்மளமாதிரிதானே, பாதி ரேட்டு போதும். ஆனா ஏணி வர ரெண்டு மாசமாகும். மேல ஏதாவது வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க."

பேராசிரியர் அண்ணாந்து பார்த்தார். இருபது ஆண்டுக் கட்டுரைகள், கட்டுக்கட்டாக.

"அவசரமா எதுவும் இல்லப்பா," என்றார். "நீ அறு."